கோரையின் கணக்கு மண்ணுக்கு அடியில்

களைக்கொத்தால் சுத்தமாகச் சுரண்டிவிட்ட பாத்தியில் மூன்றாம் நாளே பச்சை ஊசிகள் வரிசைகட்டி நின்றால், அது கோரை. வேறு களைகளுக்கு இந்த அவசரம் கிடையாது. சாரணையும் குப்பைக்கீரையும் விதையிலிருந்து முளைத்து வரவேண்டும். கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைக்கும். கோரைக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. மேலே வெட்டினால், கீழே கட்டி வைத்திருக்கும் சோற்றை எடுத்து உடனே அடுத்த குருத்தை அனுப்பிவிடும்.

வீட்டுத்தோட்டக்காரர்கள் பலரும் கோரையிடம் தோற்பதற்குக் காரணம் உழைப்பில் குறைவு இல்லை. இலையைக் களை என்று நினைத்து அதோடு மல்லுக்கட்டுகிறோம். இலை வெறும் புகைபோக்கி. அடுப்பு கீழே இருக்கிறது. இந்த ஒரு விஷயம் மனதில் நின்றுவிட்டால், எதை எப்போது செய்வது, எது வீண் வேலை என்பதெல்லாம் தானாகவே பிடிபடும்.

ஒரு கோரைச் செடியை மண்ணோடு தோண்டி, தண்ணீரில் மெல்ல அலசிப் பாருங்கள். இலைகள் சேருமிடத்தில், தரைமட்டத்துக்குச் சற்றுக் கீழே, சின்ன வெங்காயம் போன்ற அடிக்குமிழ் ஒன்று இருக்கும். அதிலிருந்து கம்பி போன்ற வேர்த்தண்டு கீழும் பக்கவாட்டிலும் ஓடும். அந்தக் கம்பியில் ஒரு கிழங்கு, அதிலிருந்து இன்னொரு கம்பி, மறுபடி ஒரு கிழங்கு என்று மணிமாலைபோல் போகும். கிழங்கு ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் நீளம். வெளியே கறுப்பும் பழுப்புமாக நார் சுற்றியிருக்கும், கீறினால் உள்ளே வெள்ளை, கற்பூரம் கலந்தாற்போல் ஒரு வாசம். ஒவ்வொரு கிழங்கிலும் ஒன்றுக்கு மேற்பட்ட கண்கள் உண்டு. ஒரு முளை போனால் அடுத்த கண் விழிக்கும்.

இந்த மாலையில் ஒரு நுட்பம் இருக்கிறது. மாலை அறுபடாமல் இருக்கும்வரை நுனியில் இருக்கும் முளையின் ஆதிக்கத்தில் மற்ற கிழங்குகள் பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருக்கும். மண்வெட்டியோ ரோட்டவேட்டரோ உள்ளே போய் மாலையை அறுத்தால், தூங்கிய கிழங்குகளெல்லாம் தனித்தனியே முளைக்கும். பத்து செடி இருந்த இடத்தை ஈரத்தில் கொத்திவிட்டு, பதினைந்து நாளில் நாற்பது செடியோடு தவிப்பது இதனால்தான். "கொத்தக் கொத்தக் கூடுகிறது" என்ற புலம்பலில் மிகை ஒன்றும் இல்லை.

அடையாளம் பார்ப்பது கடினமல்ல. ஆனால் பார்க்காமல் இறங்கக்கூடாது, ஏனென்றால் அறுகுக்குச் செய்வது கோரைக்கு உதவாது. பூத்தண்டை இரண்டு விரலுக்கு நடுவே உருட்டுங்கள். உருளாமல் தட்டித் தட்டி நின்றால் மூன்று பட்டை உள்ள தண்டு, அதாவது கோரை. அறுகின் தண்டு உருண்டை, கணு கணுவாக இருக்கும். கோரைத் தண்டில் கணுவே கிடையாது, உள்ளே கெட்டி. இலைகள் அடியிலிருந்து மூன்று வரிசையாகக் கிளம்பும். பளபளப்பான கரும்பச்சை, நடுநரம்பில் ஓடைபோல் மடிப்பு. பூங்கொத்து செம்பழுப்பு அல்லது ஊதா கலந்த பழுப்பு நிறம், அதன் அடியில் இலைபோன்ற இரண்டு மூன்று செதில்கள் விரிந்திருக்கும். பூங்கொத்து மஞ்சள் கலந்த பழுப்பாக இருந்து, கிழங்கு மாலையாக இல்லாமல் ஒவ்வொரு கம்பியின் நுனியிலும் ஒற்றையாக இருந்தால் அது மஞ்சள் கோரை. அதன் கிழங்கு இனிக்கும். நம் கோரையின் கிழங்கு கசக்கும். இன்னொன்று, உச்சியில் ஒரே ஒரு வெள்ளைக் குண்டுமணிப் பூவோடு ஈரப்பாங்கான புல்தரையில் குட்டையாக நிற்பது. அதுவும் கோரைக் குடும்பம்தான், ஆனால் அதற்குக் கிழங்கு மாலை இல்லை, வேர்த்தண்டோடு பெயர்த்தெடுத்தால் போதும். பத்தமடையிலும் காவிரிக் கரையிலும் பாய் முடையும் கோரை இந்தக் குடும்பத்தின் உயரமான உறவினர். அதைக் குற்றம் சொல்ல வேண்டாம்.

"ஆல்போல் தழைத்து அறுகுபோல் வேரூன்றி" என்று வாழ்த்துகிறோமே, அந்த அறுகை ஒரு கோடையில் அடக்கிவிடலாம். பிள்ளையாருக்கும் வேண்டும் என்று ஓரமாக ஒரு பிடி விட்டும் வைக்கலாம். கோரையில் ஒரு பிடி விட்டுவைக்கிற பேச்சே கிடையாது.

எங்கிருந்து வருகிறது

கோரை விதை காற்றில் பறந்து வந்து தோட்டத்தைப் பிடிப்பது மிக அரிது. அதன் விதையில் முளைக்கும் திறன் சொற்பம். பெரும்பாலும் நாமே காசு கொடுத்துக் கொண்டுவருகிறோம். செம்மண் லோடு முதல் குற்றவாளி. அடுத்தது, தரையோடு வழித்து அள்ளிய தொழு எரு. சாணத்தில் கிழங்கு இருக்காது, ஆனால் குவியலின் அடிமண்ணில் இருக்கும். நர்சரிப் பையின் மண், புல்தரைக்காகச் சதுரமாக வெட்டி விற்கும் புல்பத்தை, பக்கத்துத் தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டு வந்த மண்வெட்டியில் ஒட்டிய ஈரமண், இவையும் வழிகள்.

லோடு மண்ணைக் கொட்டுவதற்கு முன்பே ஒரு சோதனை செய்யலாம். விற்பவரின் குவியலில் நாலைந்து இடத்திலிருந்து, மேலும் அடியிலுமாக, ஒரு பாண்டு அளவு மண் எடுத்து அகலமான தட்டில் மூன்று அங்குல உயரத்துக்குப் பரப்புங்கள். தினமும் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டு வெயில்படும் இடத்தில் பதினைந்து நாள் வையுங்கள். நம் ஊர் வெப்பத்தில் உயிருள்ள கிழங்கு அதற்குள் ஊசியைக் காட்டிவிடும். தட்டில் ஒன்று வந்தாலும் அந்த மண் வேண்டாம். "களை எடுத்துக்கலாம் சார், கோரை இல்லாத மண் எங்க இருக்கு" என்பார் லாரிக்காரர். இருக்கிறது, தேடவேண்டும், அவ்வளவுதான். நர்சரிப் பையை வாங்கும்போது செடியின் தண்டுக்குப் பக்கத்தில் புல்போல ஏதாவது நின்றால், அதைப் பிடுங்கிக் கொடுக்கச் சொல்லி வாங்காதீர்கள். பிடுங்கியதால் தெரியாமல்தான் போகும்.

தோண்டிச் சலிப்பது

இடம் சிறியது, கோரை இப்போதுதான் வந்திருக்கிறது என்றால் இதைவிட நல்ல வழி இல்லை. கிழங்குகளில் பெரும்பகுதி மேல் அரை அடியில்தான் இருக்கும். கொஞ்சம் முக்கால் அடி வரை, மணற்பாங்கான மண்ணில் ஓர் அடிக்கும் கீழே போகும். ஆகவே முக்கால் அடியாவது எடுக்கவேண்டும். இறங்கும் முன் கணக்குப் போட்டுக்கொள்வது நல்லது. 4 அடிக்கு 8 அடி பாத்தியில் முக்கால் அடி ஆழம் என்றால் 24 கன அடி, ஏறக்குறைய ஒரு டன் மண். ஒரு ஆளுக்கு இரண்டு முழுநாள் வேலை. பாதியில் விட்டால் செய்யாததைவிட மோசம், ஏனென்றால் மாலையை அறுத்துவிட்டுப் போயிருப்போம்.

மண் புட்டு மாவுப் பதத்தில் இருக்கவேண்டும். பிடித்தால் பிடிபடணும், தட்டினால் உதிரணும். சேறாக இருந்தால் கிழங்கு மண்கட்டிக்குள் ஒளிந்துகொள்ளும். கட்டாந்தரையாக இருந்தால் கம்பி அறுந்து கிழங்கு கீழேயே தங்கிவிடும். மண்வெட்டியைவிட முள்கொத்து உத்தமம். வெட்டாமல் நெம்பி எடுக்கும். செடி நிற்கும் இடத்திலிருந்து ஓர் அடி தள்ளி, கோரை இல்லாத பக்கத்திலிருந்து தொடங்கி உள்நோக்கி வாருங்கள். மாலையைக் கையில் பிடித்தபடி அது போகும் திசையிலேயே போகலாம். அள்ளிய மண்ணைக் கால் அங்குலக் கண் உள்ள சல்லடையில் சலியுங்கள். கொத்தனார்கள் மணல் சலிக்கச் சாய்த்து வைக்கும் வலைச் சட்டமே போதும். அதில் தப்பும் பட்டாணி அளவுப் பிஞ்சுக் கிழங்கில் சோறு குறைவு. பிறகு பிடுங்கி முடித்துக்கொள்ளலாம்.

சலித்து முடித்த பாத்தியில் உடனே கத்தரி, மிளகாய் நாற்றை நட்டுவிடாதீர்கள். தண்ணீர் காட்டிவிட்டு மூன்று வாரம் சும்மா விடுங்கள். தப்பியது எல்லாம் தலைகாட்டும். அதையும் கிழங்கோடு எடுத்த பிறகுதான் நடவு. இந்த மூன்று வாரப் பொறுமை இல்லாததால்தான் இரண்டு நாள் உழைப்பு வீணாகிறது.

பதினைந்து நாள் கெடு

தோண்ட முடியாத அளவுக்குப் பரவிவிட்டால், அல்லது மரத்தடி, முருங்கை ஓரம், ரோஜாப் பாத்தி என்று வேரைக் கலைக்க முடியாத இடமாக இருந்தால், கிழங்கைப் பட்டினி போடுவதுதான் வழி. ஒரு கிழங்கு முளைவிடும்போது தன் சேமிப்பில் பெரும்பங்கை அந்த முதல் முளைக்கே செலவு செய்கிறது. இலை விரிந்து, வெயில் வாங்கி, சம்பாதிக்கத் தொடங்கியதும் கணக்கு மாறும். சுமார் மூன்று வாரத்தில் செலவுக்கு மேல் வரவு வந்து, புதுக் கம்பியும் புதுக் கிழங்கும் கட்டத் தொடங்கும். மூன்றே மாதம் தொந்தரவில்லாமல் விட்டால் ஒரு கிழங்கு நூறை ஒட்டிய எண்ணிக்கைக்குப் போய்விடும்.

அதனால் கெடு பதினைந்து நாள். இலை நாலைந்து விரிந்திருக்கும் நிலையில், ஆறாவது வருமுன் எடுக்கவேண்டும். மாதம் ஒருமுறை ஆள் வைத்துச் சுத்தமாகக் களையெடுப்பவர்கள் ஏன் ஜெயிப்பதில்லை என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. முப்பதாம் நாள் எடுக்கும்போது புதுக்கிழங்கு ஏற்கெனவே கீழே உட்கார்ந்துவிட்டது. மேலே தெரிந்த சுத்தம் வெறும் முகச்சவரம். பூ வந்துவிட்டதென்றால் நாம் தாமதித்துவிட்டோம் என்று கோரையே எழுதிக் காட்டுகிறது. விதைக்குப் பயந்து அல்ல, கீழே கிழங்கு கட்டி நாளாகிவிட்டது என்பதால் அந்தப் பூ கவலைக்குரியது.

எடுக்கும் முறையிலும் விஷயம் உண்டு. இலையைப் பிடித்து இழுத்தால் அடிக்குமிழுக்கு மேலேயே அறுந்து கையோடு வரும். மறுநாளே நடுக்குருத்து நீண்டு நிற்கும். குறுகிய தோட்டக்கரண்டியையோ பழைய ஸ்க்ரூடிரைவரையோ செடியை ஒட்டிச் செங்குத்தாக நாலு அங்குலம் இறக்கி, நெம்பிக்கொண்டே இலைக்கட்டை அடியில் பிடித்துத் தூக்கவேண்டும். குமிழ் வந்தால் போதும், கிழங்கும் வந்தால் லாபம். பாசனம் செய்த மறுநாள் காலை இதற்கு ஏற்றது. வெறுமனே இலையை மட்டும் வெட்டினாலும் கெடு தவறாமல் வெட்டினால் பலன் உண்டு, மெதுவாக.

இதில் மனம் உடையும் இடம் ஒன்று இருக்கிறது, முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. முதல் இரண்டு மூன்று சுற்றில் எண்ணிக்கை குறையாது, கூடக்கூடச் செய்யும். மாலை அறுந்து தூங்கிய கிழங்குகள் முளைப்பதால் அப்படி. அது நல்ல அறிகுறிதான், ஏனென்றால் தூங்கும் கிழங்கை எந்த முறையாலும் தொடமுடியாது, முளைத்தால்தான் அடிக்கலாம். பாத்தியில் ஒரு சதுர அடியை நாலு குச்சி நட்டுக் குறித்து வைத்து, ஒவ்வொரு சுற்றிலும் அதற்குள் உள்ள முளைகளை எண்ணி ஒரு நோட்டில் எழுதுங்கள். கண்ணை நம்பினால் எப்போதும் தோற்பதாகத்தான் தெரியும். நாலாவது சுற்றுக்குப் பிறகு எண் இறங்கும். இலையும் மெலிந்து, வெளிறி, நூலாக வரும். எண் இறங்கவில்லை என்றால் இரண்டில் ஒன்று: கெடு தவறுகிறது, அல்லது வெளியிலிருந்து கம்பி உள்ளே வருகிறது.

வெளியிலிருந்து வருவதற்குத் தடுப்பு போட்டே ஆகவேண்டும். பக்கத்து மனை காலி மனை, அங்கே கோரைக் காடு என்றால், வேலியோரம் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குறுகிய பள்ளம் எடுத்து கடப்பா கல் துண்டுகளையோ தடித்த பிளாஸ்டிக் தகட்டையோ செங்குத்தாகப் பதியுங்கள். இரண்டு துண்டு சேருமிடத்தில் ஒன்றின் மேல் ஒன்று அரை அடியாவது ஏறி நிற்கவேண்டும். இடைவெளி இருந்தால் கோரை அதைக் கண்டுபிடிக்கும். தரைக்கு மேலும் இரண்டு அங்குலம் தெரியட்டும்.

கருப்பு விரிப்பு எதற்கு உதவாது, தெளிந்த விரிப்பு எதற்கு உதவும்

தக்காளிக்கும் தர்பூசணிக்கும் விரிக்கும் 25, 30 மைக்ரான் கருப்பு மல்ச்சிங் ஷீட்டைக் கோரை ஊசியால் குத்துவதுபோல் குத்திக்கொண்டு வரும். உருளைக்கிழங்கையும் முள்ளங்கியையுமே துளைத்துக்கொண்டு போகும் முனை அது. வைக்கோல், தென்னை மட்டை, சருகு மூடாக்கு எதுவும் அதைத் தடுக்காது; மற்ற களைகளைத் தடுப்பதால், போட்டி இல்லாமல் கோரை மட்டும் கொழிக்கும். மூடாக்கு தவறு என்று சொல்லவில்லை. மண் இளகி இருப்பதால் பிடுங்குவது எளிதாகும். கோரைக்கு மருந்து அது இல்லை, அவ்வளவே.

ஆனால் கண்ணாடிபோல் தெளிந்த பாலித்தீன் வேறு கதை. கருப்பின் அடியில் இருட்டு. இருட்டில் கோரையின் இலைகள் விரியாமல் ஊசியாகச் சுருண்டே மேலே வரும், அதனால் துளைக்கும். தெளிந்த விரிப்பின் அடியில் வெளிச்சம் பட்டதும் இலை விரிந்துவிடும். விரிந்த இலைக்குத் துளைக்கும் வலு இல்லை. விரிப்புக்கும் மண்ணுக்கும் நடுவே சிக்கி வெந்துபோகும். கூடவே மண்ணும் சூடேறும். தினமும் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மேல்மண்ணில் உள்ள கிழங்குகள் சாகும். ஈரமண்ணில் இன்னும் சீக்கிரம்.

சித்திரை, வைகாசிதான் இதற்குக் காலம். பாத்தியை முக்கால் அடி கொத்தி, கல்லும் குச்சியும் பொறுக்கி, மேடு பள்ளமில்லாமல் சமன் செய்யுங்கள். ஓர் அடி ஆழம் நனையும்வரை தண்ணீர் விட்டு, ஒரு நாள் ஆறவிட்டு, 25 முதல் 50 மைக்ரான் வரையுள்ள தெளிந்த தாளை (கடையில் 100 கேஜ், 200 கேஜ் என்று கேட்கவேண்டும்) மண்ணோடு ஒட்ட இழுத்து விரியுங்கள். நான்கு பக்கமும் அரை அடி பள்ளத்தில் புதைத்து மண் போட்டு மிதியுங்கள். காற்றுப் புகுந்தால் சூடு ஏறாது. வெயில் தாங்கும் யூவி தாள் இல்லையென்றால் மாதத்துக்குள் நொறுங்கும். ஆறு வாரம் அப்படியே இருக்கவேண்டும். நாலு வாரத்தில் எடுத்தால் பாதிக் கிழங்கு சாகாமல், அரைச் சூட்டில் தூக்கம் கலைந்து, முன்னைவிட வேகமாக முளைக்கும். நாயும் பூனையும் நடந்து கிழித்த இடத்தில் உடனே செலோடேப் ஒட்டிவிடுங்கள்.

இதன் குறைகளையும் சொல்லவேண்டும். விரிப்பின் ஓரத்தில் ஓர் அடி அகலத்துக்கு முழுச் சூடு ஏறாது. அங்கே கோரை தப்பும், கையால் எடுக்கவேண்டியதுதான். அரை அடிக்குக் கீழே உள்ள கிழங்குக்கும் சூடு எட்டாது. ஆகவே தாளை எடுத்தபின் மண்ணை ஆழமாகக் கொத்தக்கூடாது. கொத்தினால் உயிருள்ளதை மேலே கொண்டுவருவோம். மரநிழல் விழும் இடத்துக்கும், ஊட்டி கொடைக்கானல் போன்ற குளிர்ந்த ஊர்களுக்கும் இந்த வேலை எடுபடாது.

தண்ணீரும் தாளும் இல்லாத பெரிய இடம் என்றால் பழைய கோடை உழவு இருக்கிறது. பாசனத்தை முழுக்க நிறுத்தி, மண் காய்ந்தபின் வாரம் ஒருமுறை மூன்று நான்கு தடவை புரட்டிவிட்டால், மேலே வந்த கிழங்குகள் வெயிலில் வற்றிச் சாகும். ஈரத்துக்குத் தாங்கும் அளவுக்குக் கோரைக்கிழங்கு காய்ச்சலுக்குத் தாங்காது. நடுவில் ஒரு கோடை மழை பெய்தால் ஆட்டம் கலைந்தது. புரட்டிய அத்தனையும் முளைக்கும். அப்படி ஆனால் உழவை விட்டுவிட்டு, பதினைந்து நாள் கெடுவுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

நிழல் கொடுத்து மடக்குவது

கோரைக்கு நிழல் ஆகாது. வெயிலும் சூடும் இருந்தால் மற்றச் செடிகளை ஓரங்கட்டும் இது, நிழலில் மெலிந்து, கிழங்கு கட்டுவதைக் குறைத்துக்கொள்ளும். கோடையில் விரிப்போ உழவோ முடிந்த கையோடு ஆடிப்பட்டத்தில் நெருக்கமாக ஒரு மூடுபயிர் போட்டால், மிச்சமிருக்கும் கிழங்கு தலையெடுக்காது. சணப்பை இதற்குக் கெட்டிக்காரப் பயிர். பசுந்தாள் உரத்துக்கு ஏக்கருக்கு 20 கிலோ விதைப்பது வழக்கம். கோரையை அமுக்க அதைப்போல் இரட்டிப்பு, அதாவது சென்ட்டுக்கு 400 கிராம் தெளியுங்கள். விதைத்த பதினைந்தாம் நாள் ஒருமுறை கோரையைப் பிடுங்கிவிட்டால், பிறகு சணப்பை பார்த்துக்கொள்ளும். 45 நாளில் பூ எடுக்கும்போது அடியோடு அறுத்து அங்கேயே மூடாக்காகப் போடுங்கள். மடக்கி உழவேண்டாம், உழுதால் மறுபடி மாலை அறுபடும்.

பலன் எடுத்துக்கொண்டே மூடவேண்டும் என்றால் சர்க்கரைவள்ளிக் கொடி நல்லது. இரண்டு அடி பார், முக்கால் அடி இடைவெளி. கொடி தரையை மூடும்வரை ஐந்து வாரம் கெடு தவறாமல் கோரையை எடுக்கவேண்டும். கிழங்கில் சில, கோரை ஊசி குத்தித் துளையோடு வரும். அதை முதலில் சமைத்துவிடுங்கள், வைத்திருக்க உதவாது. வெங்காயம், கேரட், கொத்தமல்லி போன்ற மெல்லிய இலைப் பயிர்களைக் கோரை உள்ள பாத்தியில் இரண்டு வருடத்துக்கு நினைக்கவே வேண்டாம். நிழல் தராது, களையெடுக்கவும் விடாது.

களைக்கொல்லி பற்றி

கேட்பவர்கள் அதிகம் என்பதால் இதையும் சொல்லவேண்டியிருக்கிறது. உப்பு, வினிகர், கொதிநீர் எல்லாம் இலையைக் கருக்கும். கிழங்குக்கு எதுவும் ஆகாது. உப்பு மண்ணையும் கெடுத்துவிட்டுப் போகும். 2,4-டி என்ற களைக்கொல்லியை அடித்தாலும் இலை சுருண்டு காய்ந்து, கிழங்கிலிருந்து திரும்ப வரும்.

கிழங்குவரை இறங்குவது கிளைபோசேட். இந்தியாவில் அது பதிவாகியிருப்பது தேயிலைக்கும் பயிரில்லா இடங்களுக்கும்தான். 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு வெளியிட்ட அறிவிப்பு, உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டாளர்கள் மூலமே அதைப் பயன்படுத்தவேண்டும் என்றது. காய்கறிப் பாத்திக்குள் அதற்கு வேலை இல்லை. கட்டடம் கட்டுமுன் காலி மனையில் அடிக்கச் சொல்லி ஆள் அழைத்தால், அவர் சரியாகச் செய்கிறாரா என்று பார்க்கவாவது விவரம் தெரிந்திருக்கவேண்டும். 41 சதக் கரைசல் லிட்டர் தண்ணீருக்கு 10 மில்லி, கூட 20 கிராம் அமோனியம் சல்பேட் என்பது கோரைக்கான அளவு. நம் ஆழ்குழாய்க் கிணற்று உப்புநீரில் உள்ள கால்சியம் மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அமோனியம் சல்பேட் அதற்காகத்தான். கலங்கல் தண்ணீரிலும் கலக்கக்கூடாது, களிமண் துகள் மருந்தைக் கட்டிப்போடும். கோரை நன்றாக இலைவிட்டு, பூக்கத் தொடங்கும் நிலையில், மண்ணில் ஈரம் இருக்கும்போது அடிக்கவேண்டும். வாடிய செடி மருந்தைக் கீழே அனுப்பாது. "முதலில் வெட்டிவிட்டு அடிக்கலாம்" என்று யாராவது சொன்னால் அவருக்கு வேலை தெரியவில்லை. இலை இல்லாமல் மருந்து போக வழி ஏது? அடித்து ஆறு மணி நேரம் மழை கூடாது, இரண்டு வாரம் கொத்தவோ பிடுங்கவோ கூடாது. மஞ்சளாவதற்கே பத்து நாள் ஆகும். தூங்கும் கிழங்குக்கு இந்த மருந்தும் போய்ச்சேராது என்பதால் ஒரு தடவையில் முடியாது.

கரும்பிலும் மக்காச்சோளத்திலும் கோரைக்கென்றே ஹாலோசல்ஃபியூரான் மீத்தைல் 75 சதக் குருணை ஏக்கருக்கு 36 கிராம் பயன்படுத்துகிறார்கள். நல்ல பலன் தரும் மருந்து, ஆனால் அது அந்த வயல்களுக்கு உரியது. பத்து வகைக் காய் கலந்து நிற்கும் வீட்டுத்தோட்டத்தில், கோரையோடு காய்ச்செடிகளும் அடிபடலாம்.

தொட்டிச் செடிகளிலும் மாடித்தோட்டப் பைகளிலும் வந்தால் எல்லாவற்றையும்விட எளிது, தள்ளிப்போடாவிட்டால். பையைக் கவிழ்த்து மண்ணைச் சலியுங்கள். கறிவேப்பிலை, மல்லிகை என்று நிலையான செடியாக இருந்தால் வேர்ப்பந்தை வாளித் தண்ணீரில் அலசி, வேருக்குள் புகுந்த கம்பியை விரலால் பிரித்தெடுத்து, புது மண்ணில் நட்டு, ஒரு வாரம் நிழலில் வையுங்கள். பை தரையில் நின்றால் அடித்துளை வழியே கோரை இறங்கி, பக்கத்துப் பைக்குள் ஏறும். செங்கல் மேல் தூக்கி வையுங்கள்.

எடுத்த கிழங்கை எங்கே போடுவது என்பதில் பாதிப் பேர் சறுக்குகிறார்கள். உரக்குழியில் போடாதீர்கள், வீட்டு உரக்குழி அதைக் கொல்லும் அளவுக்குச் சூடேறாது, வருடக் கடைசியில் உரத்தோடு தோட்டம் முழுக்க நாமே நட்டுவிடுவோம். வாளித் தண்ணீரில் ஒரு வாரம் ஊறினாலும் சாகாது. மொட்டைமாடித் தளத்தில் ஒரு கிழங்குக் கனத்தில் பரப்பி, பத்துப் பதினைந்து நாள் கோடை வெயிலில் காயவிடுங்கள். மழை வந்தால் மூடுங்கள். பிறகு நாலைந்தை உடைத்துப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக, நகம் இறங்கும்படி இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாகச் சுருங்கி, கல்லாக இருந்தால் முடிந்தது. மழைக்காலத்தில் எடுத்ததென்றால் பழைய பாத்திரத்தில் பத்து நிமிடம் கொதிக்கவிடுவது சுலபம்.

நாம் இப்படிக் கொல்லப் படாதபாடு படுகிற இதையே நாட்டு மருந்துக் கடையில் கோரைக்கிழங்கு என்று எடைபோட்டு விற்கிறார்கள். முத்தக்காசு என்று சித்த மருத்துவத்தில் பெயர். நலங்கு மாவில் வாசத்துக்குச் சேருவது இதுதான். மருந்து தெளிக்காத இடத்தில் எடுத்தது என்றால் கழுவி, நார் போகத் தேய்த்து, முழுக்கக் காயவைத்து மாவுக்குச் சேர்த்துக்கொள்ளலாம். காய்ந்திருக்கவேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடக்கூடாது. அரைக்காய்ச்சலில் கொல்லைப்பக்கம் சிந்தியது அங்கேயே முளைக்கும்.

குச்சி நட்ட சதுர அடியில் எண் பூஜ்யத்துக்கு வந்தபிறகும் நோட்டை மூடவேண்டாம். ஆழத்தில் தூங்கும் கிழங்கு அடுத்த ஐப்பசி மழைக்கும், அதற்கு அடுத்த மழைக்கும் எழுந்து வரும். மழை தொடங்கிய மூன்றாம் வாரம் ஒருமுறை, கார்த்திகை நடுவில் ஒருமுறை பாத்தியைச் சுற்றி வந்து, ஒற்றை ஊசியாக நிற்பதைக் கிழங்கோடு எடுத்துவிடுங்கள். அந்த ஒற்றை ஊசிக்கு ஐந்து நிமிடம் போதும்.